தெரிகிறது, ஆனால் திறக்கவில்லை: இரட்டை இயங்குதளக் கணினியில் இன்னொரு வட்டுப் பிரிவை அணுகுதல்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் நிறுவிக்கொண்டவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியோடு வருவார்கள்: விண்டோஸில் டி டிரைவில் இருந்த படங்களும் ஆவணங்களும் லினக்ஸில் எங்கே போயின? கேட்டவருக்குக் கிடைக்கும் பதில்கள் பல திசைகளில் ஓடும். ஒருவர், அந்தப் பிரிவைப் படிக்க உதவும் மென்பொருளான டிரைவர் இல்லை என்பார். இன்னொருவர் அனுமதிச் சிக்கல் என்று சொல்லி, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 என்ற எண் கொண்ட கட்டளை ஒன்றைத் தருவார். மூன்றாமவர் வட்டே பழுதாகிவிட்டது என்று பயமுறுத்துவார். மூன்றுமே சில வேளைகளில் சரியாக அமைந்துவிடக்கூடும் என்பதால்தான் குழப்பம் தீராமல் நீடிக்கிறது.

‘அணுக முடியவில்லை’ என்ற ஒரு சொற்றொடருக்குள் நான்கு வெவ்வேறு படிகள் அடங்கியிருக்கின்றன. பிரிவு இயங்குதளத்தின் கண்ணில் பட வேண்டும். அதில் எழுதப்பட்டிருக்கும் முறை புரிய வேண்டும். அது ஓர் இடத்தில் இணைக்கப்பட வேண்டும். அதில் எழுத நமக்கு உரிமை இருக்க வேண்டும். எந்தப் படியில் தடுக்கி நிற்கிறோம் என்று பார்க்காமல் கட்டளைகளை வரிசையாக ஏவிப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் தரவை இழக்கிறார்கள்.

## ஒரு நோட்டுப் புத்தகம், இரண்டு பேர்

தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: 2 முதல் 90 வரை முதலாமவருக்கு, 91 முதல் 150 வரை இரண்டாமவருக்கு, 151 முதல் கடைசிப் பக்கம் வரை பொது. பட்டியலில் பக்க எண்கள் மட்டுமே உண்டு. எந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதில் இராது. முதலாமவர் ஒருவகைச் சுருக்கெழுத்தில் எழுதுகிறார், இரண்டாமவர் வேறொரு வகையில். இரண்டாமவர் முதலாமவரின் சுருக்கெழுத்தையும் கற்றுவைத்திருக்கிறார். முதலாமவருக்கோ இரண்டாமவர் எழுதுவது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

அந்த நோட்டுதான் வன்தட்டு. சுழலும் தட்டானாலும் எஸ்எஸ்டியானாலும் கதை ஒன்றே. ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட தொடர்ச்சியான பக்கங்களைப் பிரிவு அல்லது பார்ட்டிஷன் என்கிறோம். முதல் பக்கத்துப் பட்டியல், பிரிவு அட்டவணை. சுருக்கெழுத்துக்கு நிகரானது கோப்பு முறைமை, அதாவது கோப்புகளின் பெயர்களையும் இடங்களையும் அளவுகளையும் பிரிவுக்குள் பதிந்துவைக்கும் ஒழுங்கு. முதலாமவர் விண்டோஸ், இரண்டாமவர் லினக்ஸ். இரட்டை இயங்குதளக் கணினியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நோட்டைக் கையில் வைத்திருப்பார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் பெரிய சிக்கல் ஒன்று அதிலிருந்துதான் பிறக்கிறது.

## முதல் படி: பிரிவு கண்ணில் படுதல்

பிரிவு அட்டவணை இரு வடிவங்களில் வழங்குகிறது. 1983ஆம் ஆண்டு பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மட்டுமே இடம் தருவது. 512 பைட் கொண்ட சிறு கட்டங்களாக வட்டை எண்ணும்போது ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் சுட்ட இயலாது. இன்றைய கணினிகளில் உள்ள ஜிபிடி வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் வைத்திருக்கிறது. இரண்டையும் விண்டோஸும் லினக்ஸும் படிக்கும் என்பதால் இந்தப் படியில் சிக்கல் அரிது. அப்படியும் வட்டே தென்படவில்லை என்றால், இயங்குதளத்துக்கு முன்பே ஓடத் தொடங்கும் ஃபர்ம்வேரின் அமைப்பில், சேமிப்பகம் பல வட்டுகளைச் சேர்த்துக் கையாளும் ரெய்டு முறையில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

சிக்கல் இல்லாத இடத்தில் பெயர்கள் ஒரு சிக்கலை உண்டாக்குகின்றன. விண்டோஸ் தன் பிரிவுகளுக்கு எழுத்துகளைச் சூட்டுகிறது. ஏ, பி இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு உரியவையாக இருந்ததால் வன்தட்டு சி என்பதில் தொடங்கியது. ஆனால் டி என்ற எழுத்து அந்தப் பிரிவுக்குள் எங்கும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை. விண்டோஸ் தன் சொந்தப் பதிவேட்டில் குறித்துவைத்திருக்கும் செல்லப்பெயர் அது. லினக்ஸில் டி டிரைவைத் தேடுவது, ஒருவர் வீட்டில் வழங்கும் செல்லப்பெயரைச் சொல்லி அடுத்த தெருவில் அவரை விசாரிப்பதற்குச் சமம்.

லினக்ஸ் வேறு பெயர் தருகிறது. எஸ்டிஏ2 என்றால் முதலில் கண்டறியப்பட்ட வட்டின் இரண்டாம் பிரிவு. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியாக இருந்தால் பெயர் இன்னும் நீளும். ‘முதலில் கண்டறியப்பட்ட’ என்ற சொற்களைக் கவனியுங்கள். வட்டுகள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போது கண்டறியும் வரிசை மாறினால், நேற்றைய எஸ்டிஏ இன்று எஸ்டிபி ஆகிவிடலாம். ஆகவே நிரந்தரமாகக் குறிப்பிட வேண்டிய இடங்களில் யூயூஐடி எனப்படும் அடையாள எண்ணைப் பயன்படுத்துகிறோம். பிரிவை ஃபார்மட் செய்யும்போது அதற்குள்ளேயே எழுதப்படும் எண் என்பதால், மறுபடி ஃபார்மட் செய்யும்வரை அது மாறுவதில்லை. விண்டோஸ் பிரிவுகளில் இது 16 இலக்கங்களாகவும் லினக்ஸ் பிரிவுகளில் 32 இலக்கங்களாகவும் இருக்கும். இலக்கம் என்று சொன்னாலும் இடையிடையே ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் வரும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை எஃப் விருப்பத்தோடு கொடுத்தால் பிரிவின் பெயர், கோப்பு முறைமை, நாம் சூட்டிய லேபிள், யூயூஐடி, இணைக்கப்பட்டிருக்கும் இடம் ஆகிய ஐந்தும் வரிசைக்கு ஒன்றாக வந்துவிடும். எதையும் மாற்றாமல் காட்டிவிட்டு மட்டும் போகிற கட்டளை இது. வேறு எதைத் தொடுவதற்கு முன்னும் இதை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

சுருக்கமாக: அந்தப் பட்டியலில் உங்கள் பிரிவு இருந்தால் அது தொலைந்துபோகவில்லை. முதல் படியைக் கடந்துவிட்டீர்கள்.

## இரண்டாம் படி: எழுத்து புரிதல்

விண்டோஸ் பிரிவுகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருக்கும். 1993இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்தது அது. லினக்ஸ் நிறுவிகளில் பல எக்ஸ்ட்4 என்பதைத் தேர்ந்தெடுக்கின்றன. அது 2008 டிசம்பரில் கர்னல் 2.6.28இல் நிலைபெற்றது. கர்னல் என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் இயங்குதளத்தின் மையப் பகுதி.

‘லினக்ஸால் விண்டோஸ் கோப்புகளில் எழுத முடியாது’ என்று இன்றும் சொல்பவர்கள் பழைய நினைவில் சொல்கிறார்கள். என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள் 2007இல் நிலையான பதிப்பாக வந்தபோதே படிக்கவும் எழுதவும் வழி பிறந்துவிட்டது. 2021இல் வெளியான கர்னல் 5.15இலிருந்து என்டிஎஃப்எஸ்3 என்ற தனி டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எனவே டிரைவர் இல்லை என்ற பதில் இப்போது அரிதாகவே பொருந்தும்.

உண்மையான விதிவிலக்கு பிட்லாக்கர். விண்டோஸ் ஒரு பிரிவை முழுமையாக மறையாக்கம் செய்து பூட்டும் வசதி இது. சில கணினிகளில் உரிமையாளர் கேட்காமலேயே இயக்கப்பட்டிருக்கும். எல்எஸ்பிஎல்கே காட்டும் பட்டியலில் கோப்பு முறைமை என்டிஎஃப்எஸ் என்று வராமல் பிட்லாக்கர் என்று வந்தால், மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது, இருக்கவும் கூடாது.

## மூன்றாம் படி: மவுன்ட் என்னும் ஒட்டு

நோட்டுப் புத்தக உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. லினக்ஸில் தனித்தனி டிரைவ்கள் கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒற்றைச் சாய்கோட்டால் குறிக்கப்படும் வேரிலிருந்து கிளைக்கும் ஒரே மரத்தில் இருக்கும். புதிய பிரிவைச் சேர்ப்பது, அந்த மரத்தின் ஒரு கிளையில் இன்னொரு மரத்தை ஒட்டுக் கட்டுவதைப் போன்றது. அப்படி ஒட்டுவதற்குப் பெயர் மவுன்ட். ஒட்டும் இடமான கோப்புறை, மவுன்ட் பாயிண்ட். காந்த நாடாச் சுருள்களையும் வட்டுத் தொகுதிகளையும் ஆட்கள் கையால் தூக்கிக் கருவியில் பொருத்திய காலத்திலிருந்து நிலைத்த சொல் அது.

கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலில் பிரிவின் பெயரைச் சொடுக்கும்போது நடப்பதும் இதுவே. உபுண்டு போன்றவற்றில் மீடியா என்ற கோப்புறைக்குள் உங்கள் பயனர் பெயரிலான கோப்புறையில் பிரிவு ஒட்டப்படும். சொடுக்கும்வரை அது ஒட்டப்படுவதில்லை. கணினியைத் தொடங்கியதும் பாடல் செயலி ‘கோப்பு இல்லை’ என்று புலம்புவதும், கோப்பு மேலாளரில் ஒருமுறை உள்ளே போய்வந்த பிறகு அதே பாடல் ஒலிப்பதும் இதனால்தான்.

ஒட்டுப் போடும் கோப்புறையைப் பற்றி ஒரு விவரம் சொல்ல வேண்டும். நானே சூடுபட்டுத் தெரிந்துகொண்டது. மவுன்ட் பாயிண்ட் என்பது பிரிவு இணைக்கப்படாத வேளையிலும் ஒரு சாதாரணக் கோப்புறைதான். ஒவ்வோர் இரவும் என் கோப்புகளை இரண்டாம் பிரிவுக்குப் படியெடுக்க ஒரு சிறு நிரல் வைத்திருந்தேன். ஏதோ காரணத்தால் ஒரு நாள் பிரிவு மவுன்ட் ஆகவில்லை. நிரலுக்கு அது தெரியாது. கோப்புறை இருக்கிறது, எழுதுகிறது. மூன்று நாட்களில் லினக்ஸின் சொந்தப் பிரிவு நிரம்பி, திரையில் உள்நுழையக்கூட முடியாமல் போயிற்று. மீட்பு முறையில் நுழைந்து, எந்தக் கோப்புறை இடத்தை அடைக்கிறது என்று தேடியபோது, இரண்டாம் பிரிவை அதற்குள் மவுன்ட் ஆன நிலையிலேயே வைத்திருந்ததால் குப்பை என் கண்ணில் படவே இல்லை: ஒட்டப்பட்ட பிரிவு, அடியில் இருக்கும் பழைய உள்ளடக்கத்தை மூடி மறைத்துவிடும். மவுன்டை எடுத்த பிறகுதான் படியெடுத்த கோப்புகள் அத்தனையும் கீழே கிடந்தது தெரிந்தது.

## நான்காம் படி: எழுதும் உரிமை

777 கட்டளை வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்கு விடை இங்கே இருக்கிறது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு, யார் படிக்கலாம் யார் எழுதலாம் என்ற அனுமதிகள் உண்டு. எக்ஸ்ட்4 பிரிவில் இந்த விவரங்கள் பிரிவுக்குள்ளேயே எழுதப்படுகின்றன. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வேறொரு அனுமதி முறையைப் பின்பற்றுகிறது. லினக்ஸ் பயனர் யார் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே சாதாரண அமைப்பில், மவுன்ட் செய்யும் தருணத்தில் லினக்ஸ் தானாக ஓர் உரிமையாளரையும் அனுமதிகளையும் கற்பித்து, பிரிவு முழுமைக்கும் ஒரே சீராகப் போர்த்திவிடுகிறது. போர்வையை மாற்ற வேண்டுமானால் மவுன்ட் செய்யும்போதே யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் என்ற விருப்பங்களில் சொல்ல வேண்டும். ஜிஐடி என்பது குழுவின் எண், யூஐடி என்பது பயனரின் எண். தனிக் கணினியில் முதல் பயனருக்கு வழக்கமாக 1000. யூமாஸ்க் என்பது முழு அனுமதியிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண். 022 என்று தந்தால் உரிமையாளர் தவிர மற்றவர்களின் எழுதும் உரிமை கழியும்.

இரண்டாம் பிரிவு எக்ஸ்ட்4 ஆக இருந்தால் வழி நேர்மாறானது. புதிதாக ஃபார்மட் செய்த பிரிவின் மேல்நிலைக் கோப்புறை ரூட் எனப்படும் நிர்வாகப் பயனருக்கே சொந்தமாக இருக்கும். யூஐடி விருப்பம் அங்கே செல்லாது. சௌன் என்று பலர் வாசிக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும், மாற்றம் பிரிவுக்குள்ளேயே பதிந்துவிடும். ஆனால் மவுன்ட் செய்த பிறகே அதை ஓட்ட வேண்டும். முன்னரே ஓட்டினால் அடியில் இருக்கும் வெறுங்கோப்புறையின் உரிமையாளர்தான் மாறுவார். மவுன்ட் ஆனதும் மறுபடி ரூட் வந்து உட்கார்ந்துவிடும்.

இதுவரை பார்த்தது: என்டிஎஃப்எஸ் பிரிவில் உரிமை மவுன்ட் செய்யும்போது தீர்மானமாகிறது, எக்ஸ்ட்4 பிரிவில் மவுன்ட் செய்த பின்.

## பாதி வாக்கியத்தோடு தூங்கும் விண்டோஸ்

நான்கு படிகளும் சரியாக இருந்தும், நேற்று எழுத முடிந்த பிரிவில் இன்று படிக்க மட்டுமே முடிகிறது அல்லது மவுன்டே ஆக மறுக்கிறது என்றால், பெரும்பாலான நேரங்களில் காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த இந்த வசதியில், ‘ஷட் டவுன்’ கொடுக்கும்போது நம் செயலிகள் மூடப்பட்டாலும் விண்டோஸின் கர்னல் முழுமையாக அணைவதில்லை. நினைவகத்தில் இருந்த தன் நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு உறங்குகிறது; மறுமுறை அதிலிருந்தே எழுகிறது. தொடங்கும் நேரம் குறைகிறது, உண்மைதான்.

நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புவோம். முதலாமவர் பாதி வாக்கியத்தை எழுதிவிட்டு, மீதியை மனத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் விட்டோம் என்ற நினைப்போடு தூங்கப் போகிறார். இரண்டாமவர் அந்த நேரம் பார்த்து அதே பக்கத்தில் நான்கு வரிகளை அடித்துத் திருத்துகிறார். விழித்தவர் பக்கத்தைப் புதிதாகப் படித்துப் பார்ப்பதில்லை. தன் நினைவே சரி என்று நம்பி மேலேயே எழுதுகிறார். கோப்பு முறைமை சிதைவது இப்படித்தான். லினக்ஸ் மவுன்ட் செய்ய மறுப்பதைப் பழுது என்று கருதுகிறோம்; அது உண்மையில் நம் தரவுக்கு நிற்கும் காவல். உறக்கக் கோப்பை அழித்துவிட்டு மவுன்ட் செய்யும் விருப்பமும், கட்டாயப்படுத்தி மவுன்ட் செய்யும் விருப்பமும் உண்டு. அவற்றை முதல் மருந்தாக எடுத்துத் தருபவர்களை நான் நம்புவதில்லை.

முறையான தீர்வு விண்டோஸுக்குள் இருக்கிறது. கண்ட்ரோல் பேனலின் பவர் அமைப்புகளில், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியை எடுத்துவிட்டு அணைக்க வேண்டும். உடனடித் தேவைக்கு, விண்டோஸில் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து லினக்ஸுக்குள் வந்தாலே போதும். பெயருக்கு மாறாக, முழுமையாக அணைந்து எழுவது ரீஸ்டார்ட்தான், ஷட் டவுன் அல்ல. மின்தடையால் கோப்பு முறைமை அரைகுறையாக நின்றிருந்தால் பழுதுபார்ப்பையும் விண்டோஸின் செக்டிஸ்க் கொண்டே செய்ய வேண்டும். லினக்ஸில் உள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில அடிப்படைத் திருத்தங்களோடு நின்றுவிடும்.

## ஒவ்வொரு முறையும் தானாக இணைய

தொடக்கத்திலேயே பிரிவு இணைய வேண்டுமானால் இடிசி கோப்புறையில் இருக்கும் எஃப்எஸ்டேப் என்ற உரைக்கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு வரியில் இடைவெளியால் பிரிக்கப்பட்ட ஆறு புலங்கள்: எந்தப் பிரிவு, எங்கே ஒட்டுவது, என்ன கோப்பு முறைமை, என்ன விருப்பங்கள், கடைசியாக இரண்டு எண்கள். முதல் புலத்தில் எஸ்டிஏ2 போன்ற பெயரை எழுதாமல் யூயூஐடியை எழுத வேண்டும். இரண்டாவதில் நீங்கள் முன்கூட்டி உருவாக்கிய வெற்றுக் கோப்புறையின் முழு முகவரி வரும். நான்காவதில் மேலே சொன்ன யூஐடி, ஜிஐடி, யூமாஸ்க் மூன்றையும் இடைவெளியின்றிக் காற்புள்ளியால் பிரித்து எழுதலாம். என்டிஎஃப்எஸ் பிரிவுக்குக் கடைசி இரண்டு எண்களும் 0. இங்கே தமிழில் ஒலிபெயர்த்துச் சொல்லியிருக்கும் சொற்களைக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிராது.

விருப்பங்களில் நோஃபெயில் என்பதையும் சேர்ப்பதை வலியுறுத்துவேன். அது இல்லாத நிலையில், பிரிவு கிடைக்காவிட்டால், தொடக்க வேலைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருளைக் கொண்ட லினக்ஸ்கள் வழக்கமாக 90 விநாடிகள் காத்திருந்துவிட்டு, அவசரகால முறை என்ற கறுப்புத் திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். படங்கள் இருக்கும் பிரிவு கிடைக்கவில்லை என்பதற்காகக் கணினியே எழாமல் போவது நியாயமில்லை. வரியைச் சேர்த்ததும் உடனே மறுதொடக்கம் செய்ய வேண்டாம். மவுன்ட் கட்டளையை ஏ விருப்பத்தோடு ஓட்டினால், கோப்பில் உள்ளவற்றை அப்போதே இணைத்துப் பார்த்து, பிழை இருந்தால் சொல்லிவிடும்.

## எதிர்த்திசை: விண்டோஸிலிருந்து

விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 தெரியாது. அதற்குள் இயங்கும் லினக்ஸ் துணை அமைப்பான டபிள்யுஎஸ்எல் மூலம் எக்ஸ்ட்4 வட்டை மவுன்ட் செய்யலாம் என்றாலும், அது முழு வட்டையே எடுத்துக்கொள்வதால், விண்டோஸ் இருக்கும் அதே வட்டின் பிரிவை அப்படித் திறக்க இயலாது. ஒரே வட்டைப் பங்கிட்டவர்களுக்கு அந்த வழி அடைபட்டதுதான். எனவே இரண்டு பக்கமும் எழுத வேண்டிய கோப்புகளுக்குப் பொதுப் பிரிவு ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. ஃபேட்32இல் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பு அடங்காது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, ஆனால் எழுதும் முன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் வசதியும் இல்லை. உள்வட்டில் இருக்கும் பொதுப் பிரிவுக்கு என் தேர்வு என்டிஎஃப்எஸ். பயனரின் சொந்தக் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் லினக்ஸின் ஹோம் கோப்புறையை மட்டும் அதில் வைக்கக் கூடாது, அனுமதிகள் ஒட்டாது. கோப்புப் பெயர்களில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்றவற்றையும் தவிர்க்க வேண்டும். லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெயர்களை விண்டோஸ் திறக்காது.

சில கணினிகளில் விண்டோஸ் லினக்ஸ் பிரிவுக்கும் ஓர் எழுத்தைச் சூட்டிவிடும். அந்த எழுத்தைச் சொடுக்கினால், இந்த வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். வட்டில் எதுவும் இல்லை என்று அதற்குப் பொருளில்லை. தன்னால் வாசிக்க முடியவில்லை என்பதை விண்டோஸ் சொல்லும் விதம் அது. ரத்துசெய்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பிரிவை வலச்சொடுக்கி, டிரைவ் எழுத்தை மாற்றும் சாளரத்தில் எழுத்தை மட்டும் நீக்கினால் கேள்வி மறுபடி வராது. அதே வலச்சொடுக்குப் பட்டியலில் பிரிவையே அழிக்கும் தெரிவும் சற்றுக் கீழே இருக்கிறது. சொடுக்கும் முன் எந்த வரியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.